ஆகஸ்டில் டிஸ்க் நிரம்பிய கதை

1

சென்ற வாரம் என் சித்தப்பா மகள் தேன்மொழி காரைக்காலிலிருந்து போன் செய்தாள். பொறியியல் கடைசி ஆண்டில் இருக்கிறாள். என்னைப் போலவே மேற்படிப்புக்குப் பிரான்சுக்கு வரவேண்டும் என்று ஆசை. குளிரைப் பற்றி, அறை கிடைப்பதைப் பற்றி, சோறு கிடைப்பதைப் பற்றியெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் கேட்க வந்ததைக் கேட்டாள்.

"அக்கா, அங்க எல்லாம் சிஸ்டம்படி நடக்கும்தானே? நம்ம ஊரு மாதிரி இழுத்தடிக்க மாட்டாங்கதானே?"

"சிஸ்டம்படிதான் நடக்கும்," என்றேன்.

"அதான் கேட்டேன்," என்று நிம்மதியாக வைத்துவிட்டாள்.

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனாலும் அந்த நிம்மதி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அவளுக்காகவும், அவளைப் போலப் பெட்டி கட்டக் காத்திருப்பவர்களுக்காகவும், சிஸ்டம்படி நடப்பது என்றால் என்னவென்று விரிவாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. ஊர் காரைக்கால்மேடு. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தின் உள்ளே போன முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்லவேண்டும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். நான் சத்தமாகத்தான் சொல்வேன்.

பிரான்சில் கதவும் ஜன்னலும் செய்கிற ஒரு கம்பெனியில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஊர் உலகமெல்லாம் மெயிலை இணையத்தில் பெரிய நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிட்டது. எங்கள் முதலாளிக்கு அதில் நம்பிக்கை இல்லை. "என் கடிதங்கள் என் கட்டடத்தில் இருக்கவேண்டும்" என்பது அவர் கொள்கை. ஆகவே கீழ்த்தளத்தில், துடைப்பமும் வாளியும் வைக்கிற அறைக்குப் பக்கத்தில், ஒரு சர்வர் உறுமிக்கொண்டிருக்கிறது. அதற்குச் சோறு தண்ணீர் காட்டுகிறவள் நான்.

அம்மா தெருவில் சொல்வது வேறு. "எம் பொண்ணு பிரான்ஸ்ல தபாலாபீஸ்ல இருக்கா." திருத்திப் பார்த்தேன், முடியவில்லை. அரசாங்க உத்தியோகம் மாதிரி ஒலிப்பதால் அம்மாவுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

2

ஒரு தடவை அம்மாவுக்கு என் வேலையை முழுசாக விளக்கியே தீர்வது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்தேன்.

"அம்மா, மெயில் வந்தா சர்வர் அத நேரா பெட்டியில போடாது. மொதல்ல, இன்னாருக்கு இன்னது வந்துச்சுன்னு ஒரு துண்டுல எழுதிக்கும். அப்புறம்தான் பெட்டியில போடும்."

"எதுக்கு ரெண்டு வேல?"

"நடுவுல கரண்டு போயிட்டா? எழுதின துண்ட பாத்து விட்ட எடத்துலேருந்து மறுபடி போட்டுக்கலாம்ல. அந்தத் துண்டுக்கு லாக்னு பேரு."

"சரி. துண்டு சேந்துகிட்டே போவுமே?"

அம்மா எப்போதும் இடப் பிரச்சனைக்குத்தான் முதலில் வருவாள். கரையில் ஒரு படகின் மீன்பெட்டியை எடுக்காமல் விட்டால் அடுத்த படகுக்கு இடம் கிடையாது என்று சண்டை போட்டே வளர்ந்தவள்.

"தெனம் ராத்திரி எல்லாப் பெட்டிக்கும் ஒரு காப்பி எடுத்து வேற எடத்துல பத்திரப்படுத்துவோம். அதுக்குப் பேக்கப்புன்னு பேரு. அது நல்லபடியா முடிஞ்சா, பழைய துண்டெல்லாம் தானா அழிஞ்சிடும்."

"தானா எழுதிக்குது, தானா அழிச்சுக்குது. அப்ப உனக்கு என்னடி வேல?"

பேக்கப் நடக்காத நாளில்தான் என் வேலை என்னவென்று தெரியும். எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை நான் சும்மா இருப்பதுபோலத்தான் தெரியும். இதை அம்மாவுக்கு மட்டுமல்ல, என் கம்பெனிக்கும் இதுவரை புரியவைக்க முடியவில்லை.

3

வேலைக்குச் சேர்ந்தது ஒரு ஜூன் மாதம். முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். அதற்குள் பிடிக்கவில்லை என்றால் காரணம் சொல்லாமலே அனுப்பிவிடலாம். படிப்பு முடிந்து எனக்குக் கொடுத்திருந்த தங்கும் அட்டை அந்த இலையுதிர் காலத்தோடு முடிகிறது. வேலை நிலைத்தால் புது அட்டை. நிலைக்காவிட்டால் சென்னைக்கு விமானம், அங்கிருந்து காரைக்காலுக்குப் பஸ். நடுவில் வேறு எதுவும் கிடையாது. ஆகவே அந்த மூன்று மாதமும் நான் தும்மினால்கூட யாரையாவது அனுமதி கேட்டுவிட்டுத்தான் தும்மினேன்.

என் நேர் மேலதிகாரி ஜெரார். கணினிப் பிரிவின் தலைவர். எங்கள் இருவரையும் சேர்த்தால்தான் பிரிவு. நான் பள்ளியில் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு படித்தவள். வினைச்சொற்களை எல்லாக் காலங்களிலும் தலைகீழாக ஒப்பிப்பேன், மனிதர்களிடம் பேசத்தான் தெரியாது. முதல் வாரத்தில், ஊர் வழக்கப்படி, வழியில் பார்த்தவரையெல்லாம் "சாப்பிட்டாச்சா?" என்று பிரெஞ்சில் கேட்டேன். மூன்றாம் நாள் ஜெரார் சங்கடத்தோடு தனியாகக் கூப்பிட்டு, என் அழைப்புக்கு நன்றி என்றும், மதியம் எப்போதும் மனைவியோடு சாப்பிடுவதாகவும் சொன்னார்.

தங்கியிருந்தது ஜோசப்பின் அக்கா வீட்டில் ஓர் அறையில். அக்கா காரைக்கால் டவுன்காரர். அவருடைய மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். எங்கள் பக்கம் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். அந்தப் பென்ஷனோடு குடியுரிமையும் வந்ததால், அக்காவுக்கு எனக்கும் தனக்கும் நடுவில் ஒரு படி உண்டு. அதை அவர் மறக்கவே விடமாட்டார்.

"நாங்க நாஷனாலிதே உள்ளவங்க. நீ கார்த்துல இருக்குறவ. பாத்து நடந்துக்கணும்."

நாஷனாலிதே என்பது குடியுரிமை, கார்த்து என்பது என் தங்கும் அட்டை. அவருடைய மகன் கெவினுக்குப் பன்னிரண்டு வயது. அம்மா தமிழில் திட்டினால் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்பான். என் வேலை என்னவென்று ஒருநாள் விசாரித்தான். சொன்னேன். "இன்னும் மெயில் எல்லாம் யாராவது அனுப்புகிறார்களா?" என்று உண்மையான அனுதாபத்தோடு கேட்டான். அம்மாவுக்கு என் வேலை புரியவில்லை. கெவினுக்கு அது செத்துப்போன வேலை. நடுவில் நான் மட்டும் அதைப் பெருமையாகச் செய்துகொண்டிருந்தேன்.

4

இப்போது ஆகஸ்டுக்கு வருவோம்.

ஆகஸ்ட் மாதம் பிரான்ஸ் மூடியிருக்கும். ரொட்டிக்கடை மூடியிருக்கும், பல் டாக்டர் மூடியிருப்பார், கதவு செய்கிற கம்பெனியின் கதவும் பாதி மூடியிருக்கும். எல்லோரும் கடற்கரைக்குப் போவார்கள். கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு, மணலில் படுப்பதற்காக எட்டு மணி நேரம் கார் ஓட்டுகிறவர்களைப் புரிந்துகொள்ள நாளாயிற்று. புதிதாகச் சேர்ந்தவள் என்பதால் எனக்கு விடுப்பு கிடையாது.

விடுப்பில் போகிறவர் தனக்குப் பதிலாள் ஒருவரை நியமித்துவிட்டுப் போகவேண்டும் என்பது கம்பெனியின் விதி. தன் மெயில்கள் பதிலாளுக்குத் தானாகப் போகும்படி ஏற்பாடும் செய்துவிட வேண்டும். அருமையான விதி. விற்பனைப் பிரிவின் தலைவர் தன் பதிலாளாகக் கொள்முதல் பிரிவின் தலைவரை நியமித்தார். கொள்முதல் தலைவர் வாடிக்கையாளர் புகார்ப் பிரிவின் தலைவியை நியமித்தார். புகார்ப் பிரிவின் தலைவி விற்பனைத் தலைவரை நியமித்தார். மூவரும் விதியை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றிவிட்டு, ஒரே சனிக்கிழமையில் மூன்று கடற்கரைகளுக்குப் புறப்பட்டுப் போனார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு வாடிக்கையாளர் விற்பனைத் தலைவருக்கு மெயில் அனுப்பினார். தன் புது ஜன்னல் மூடமாட்டேன் என்கிறது, படங்களை இணைத்திருக்கிறேன் என்று. ஜன்னலைப் பல கோணங்களில் பொறுமையாகப் படம் எடுத்திருந்தார். பெரிய பெரிய படங்கள்.

மெயில் விற்பனையிலிருந்து கொள்முதலுக்குப் போனது. கொள்முதலிலிருந்து புகார்ப் பிரிவுக்கு. புகார்ப் பிரிவில் ஒரு மென்பொருள் உண்டு. எது வந்தாலும் புதுப் புகார் என்று பதிந்து, எண் கொடுத்து, தலைவிக்கு அனுப்பும். தலைவி இல்லாததால் அது விற்பனைத் தலைவருக்குப் போனது. அங்கிருந்து மறுபடி கொள்முதல். இப்படிச் சுற்றும் மெயிலைக் கண்டுபிடித்து நிறுத்தும் அறிவு சர்வருக்கு உண்டு. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் புதுப் புகார் எண்ணோடு வருவதால், சர்வர் அதைப் புது ஆள் என்றே நினைத்து மரியாதையாக வழிவிட்டது.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஜன்னல்காரருக்கு ஒரு பதில் போனது. "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. விரைவில் தொடர்புகொள்வோம்." முதல் நாள் அவர் மகிழ்ந்திருக்கக் கூடும். மறுநாள், "நன்றி, தெரிந்துகொண்டேன், போதும்" என்று பதில் எழுதினார். அதுவும் சுற்றில் சேர்ந்துகொண்டது.

5

இந்தச் சுற்றைத் திரையில் முதல்முறையாகப் பார்த்தபோது எனக்கு வீட்டு ஞாபகம்தான் வந்தது. ஊர் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் தமிழ்நாடு படுத்திருக்கிறது. பஸ்ஸில் சிதம்பரம், கடலூரெல்லாம் தாண்டித்தான் எங்கள் தலைநகரத்துக்குப் போகவேண்டும்.

கல்லூரியில் சேர எனக்கு ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. ஓர் அலுவலகத்துக்கு அப்பாவோடு போனேன். பெயர் வேண்டாம், எந்த அலுவலகமாகவும் இருக்கட்டும்.

"ஃபைல் பாண்டிக்குப் போயிருக்கும்மா. வந்தா சொல்றோம்," என்றார் அங்கிருந்தவர்.

பாண்டியில் கேட்டால், "காரைக்கால்லேருந்து இன்னும் வரலியே, அங்க கேளுங்க," என்றார்கள். திரும்பி வந்து கேட்டால், "அனுப்பியாச்சுங்க. அவங்ககிட்ட நல்லாத் தேடச் சொல்லுங்க." இரண்டு பக்கமும் உண்மைதான் சொன்னார்கள் என்றே வைத்துக்கொண்டால், என் ஃபைல் தமிழ்நாட்டில் எங்கோ இருந்திருக்க வேண்டும்.

அப்பா ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், அது வர்ற வழியில நாங்க வேணா போயி நின்னு பாக்கட்டுங்களா?"

அந்த அதிகாரி சிரிக்கவே இல்லை. "அப்படியெல்லாம் ரூல் இல்லீங்க," என்றார்.

சான்றிதழ் எப்படியோ வந்தது. விட்டுத்தொலைந்தது என்று கடல் தாண்டி வந்தால், அதே ஃபைல் கீழ்த்தளத்தில் நொடிக்கு நொடி சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரே வித்தியாசம், இங்கே அது வேகமாகச் சுற்றியது.

6

ஒவ்வொரு சுற்றுக்கும் லாக் எழுதப்படும். பெரிய படமென்றால் நிறைய லாக். பேக்கப் நடந்தால் பழையவை அழிந்துவிடும். பேக்கப் நடக்கவில்லை.

பேக்கப் எடுக்கும் டிஸ்க்கை நிரம்பியதும் கழற்றி, இரும்பு அலமாரியில் இருக்கும் மாற்று டிஸ்க்கைப் போடவேண்டும். அலமாரியின் சாவி ஜெராரிடம். ஜெரார் கடற்கரையில். போகும்முன் இதைத்தான் கேட்டேன்.

"சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகலாமே?"

"சோதனைக் காலத்தில் இருப்பவர்களிடம் கொடுக்கக் கூடாது," என்றார் கனிவோடு. "கவலைப்படாதே. ஆகஸ்டில் யாரும் வேலை செய்வதில்லை. வேலை இல்லையென்றால் மெயில் இல்லை. மெயில் இல்லையென்றால் லாக் இல்லை. டிஸ்க் எப்படி நிரம்பும்?"

கேட்கும்போது கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பேக்கப் டிஸ்க் நிரம்பியது. பேக்கப் நின்றது. லாக் குவிந்தது. ஜெராருக்குப் போன் செய்தேன். விடுப்பில் தொந்தரவுக்கு ஆளாகாமல் இருப்பது இங்கே சட்டப்படியான உரிமை. அவருடைய போன் அந்த உரிமையை முழுதாக அனுபவித்துக்கொண்டிருந்தது. "செப்டம்பரில் சந்திப்போம்," என்றது அவர் குரல், அலைகளின் ஓசையோடு.

சுற்றை நிறுத்தலாம் என்றால், அடுத்தவர் மெயில் பெட்டியின் ஏற்பாட்டைத் தொட அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். அந்தரங்கம். மூன்று தலைவர்களுக்கும் சம்மதம் கேட்டு, தலைப்பில் 'மிக அவசரம்' என்று போட்டு மெயில் அனுப்பினேன்.

அனுப்பிய நொடியிலேயே செய்த முட்டாள்தனம் புரிந்துவிட்டது. விற்பனையிலிருந்து கொள்முதல், கொள்முதலிலிருந்து புகார்ப் பிரிவு. என் எச்சரிக்கைக்கும் புகார் எண் கிடைத்தது. "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது," என்று எனக்கே பதில் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஜன்னல்காரருக்கு ஒரு துணை கிடைத்தது.

7

ஆகஸ்டுக்கென்று ஒரு பொறுப்பு இயக்குநர் உண்டு. மதாம் மொனிக். வாரத்தில் சில நாட்கள் மட்டும் வருவார். அவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். லாக் குவிகிறது, டிஸ்க் நிரம்பப்போகிறது, நிரம்பினால் மெயில் நின்றுவிடும் என்று. "இப்போது மெயில் வேலை செய்கிறதா?" என்று கேட்டார். செய்கிறது என்றேன். "அப்படியானால் பிரச்சனை எங்கே?" என்றார்.

இப்படியே இரண்டு வாரம் ஓடி, ஒரு வெள்ளிக்கிழமை காலை பிரச்சனை வந்து சேர்ந்தது. டிஸ்க்கில் இடம் தீர்ந்தது. எழுத இடமில்லை என்றால் சர்வர் எந்த மெயிலையும் வாங்காது. கம்பெனி முழுவதற்கும் மெயில் நின்றது.

மதாம் மொனிக் அன்று தன் கிராமத்து வீட்டில் இருந்தார். போனில் வந்தார்.

"இன்றைக்குள் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆர்டர் உறுதியாகி வரவேண்டும். பதினைந்து நிமிடத்தில் மெயில் ஓடவேண்டும். என் அண்ணன் மகனிடம் கேட்டேன், அவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும். அந்த லாக் கோப்புகளை அழித்துவிட்டால் இடம் வந்துவிடுமாம். அழித்துவிடுங்கள்."

கம்ப்யூட்டர் தெரிந்த அண்ணன் மகன் இல்லாத குடும்பம் எந்த நாட்டிலும் இல்லை.

"அழிக்க முடியாது மதாம்," என்றேன். "கடைசி பேக்கப் இரண்டு வாரத்துக்கு முந்தையது. பெட்டிகளில் ஏதாவது கெட்டுப்போயிருந்தால், இந்த இரண்டு வாரத்தை மீட்க இந்த லாக்கைத் தவிர வேறு எதுவும் கிடையாது. அழித்த பிறகு தேவைப்பட்டால் கடவுளிடம்தான் கேட்கவேண்டும்."

"கெட்டுப்போயிருக்கிறதா?"

"இன்னும் பார்க்கவில்லை. பார்ப்பதற்குள் அழிக்கச் சொல்கிறீர்கள்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கோழிகளின் சத்தம் மட்டும் கேட்டது.

"நீங்கள் இன்னும் சோதனைக் காலத்தில்தானே இருக்கிறீர்கள்?" என்றார் மதாம் மொனிக், வானிலை விசாரிக்கும் குரலில்.

அட்டை, விமானம், பஸ், தெருவில் எல்லோரிடமும் தபாலாபீஸ் என்று சொல்லி வைத்திருக்கும் அம்மா, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அழித்துவிட்டால் என்ன? பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் 'பெரும்பாலும்' என்று வேலை செய்வதற்கு என்னைப் படிக்கவைக்கவில்லை.

"ஆமாம் மதாம். சோதனைக் காலம்தான். உத்தரவை எழுத்தில் கொடுத்தால் யோசிக்கிறேன்."

"இதோ," என்று வைத்துவிட்டார்.

அரை மணி நேரம் கழித்து மறுபடி அழைத்தார். "முடிந்ததா?"

"உத்தரவு வரவில்லை மதாம்."

"மெயில் அனுப்பினேனே?"

"மெயில் நின்றுபோனதால்தானே மதாம் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்."

மறுபடி கோழிகள்.

8

அந்த அரை மணி நேரம் நான் சும்மா இருக்கவில்லை. முதலில் பெட்டிகள் ஒழுங்காக மூடப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தேன். இல்லை. ஒரு பெட்டித் தொகுதி பாதியில் நின்றிருந்தது. எழுதிய துண்டுகளில் சில இன்னும் பெட்டிக்குள் போய்ச்சேரவில்லை. அந்தத் துண்டுகள் இல்லாமல் அது திறக்காது. அண்ணன் மகன் பேச்சைக் கேட்டிருந்தால், பள்ளிக்கூடத்தின் ஆர்டரோடு மற்றவையும் போயிருக்கும்.

மாடியில் பிரிண்டர்களுக்கென்று ஒரு சர்வர் இருப்பது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. யாரோ எப்போதோ தப்பாக ஆர்டர் செய்ததால் அதற்கு மிகப் பெரிய டிஸ்க். முக்கால்வாசி காலி. அதுவும் என் பொறுப்பு என்பதால் யார் சம்மதமும் தேவையில்லை. பழைய லாக்குகளை அங்கே நகலெடுத்தேன். நகல் சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்த்தேன். அதன் பிறகே இங்கிருந்து நீக்கினேன். ஒன்றைக்கூட அழிக்கவில்லை, இடம் மாற்றினேன். தேவையான துண்டுகள் அப்படியே இருந்ததால், சர்வர் அவற்றைப் படித்து, விட்ட இடத்திலிருந்து பெட்டிக்குள் போட்டுக்கொண்டது.

திறப்பதற்கு முன் சுற்றை நிறுத்தவேண்டும். மூன்று தலைவர்களின் பெட்டிகளையும் தொடக்கூடாது. ஆனால் நடுவில் இருக்கும் புகார் மென்பொருள் மனிதர் அல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்கு அந்தரங்கம் கிடையாது, கடற்கரை கிடையாது. அதை நிறுத்தினேன்.

மெயில் ஓடியது. முதலில் வந்து விழுந்தவற்றில் மதாம் மொனிக்கின் உத்தரவும் ஒன்று. 'லாக் கோப்புகளை உடனே அழிக்கவும். பொறுப்பு என்னுடையது.' படித்துவிட்டு மற்ற மெயில்களோடு விட்டுவிட்டேன். சாயங்காலம் பள்ளிக்கூடத்தின் ஆர்டரும் வந்தது. பேக்கப்பையும் பிரிண்டர் சர்வரிலேயே எடுத்தேன். அது முடிந்ததும் பழைய லாக்குகள் தானாக அழிந்தன. அதற்குத்தானே அவை காத்திருந்தன.

ஜன்னல் மட்டும் மூடியதா என்று தெரியவில்லை.

9

செப்டம்பரில் எல்லோரும் கறுத்துத் திரும்பினார்கள். வெயிலில் கறுத்துவிட்டு வருவது இங்கே பெருமை. ஊரில் என் கல்யாணத்துக்குத் தடையாகச் சொல்லப்பட்ட நிறத்தை இவர்கள் ஆளுக்கொரு மாதம் விடுப்புப் போட்டு வாங்கி வருகிறார்கள்.

விசாரணைக் கூட்டம் நடந்தது. யார் பொறுப்பு என்று கேட்கப்பட்டபோது, மூன்று தலைவர்களும் அவரவர் பதிலாளைக் காட்டினார்கள். மேசையைச் சுற்றி ஒரு முழுச் சுற்று வந்தது. ஜெரார் தன் கணக்கை மறுபடி விளக்கினார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மீதி இருந்தது நான்.

"என் உத்தரவை நீங்கள் நிறைவேற்றவில்லை," என்றார் மதாம் மொனிக். "அந்த உத்தரவு தவறு என்கிறீர்களா?"

ஊராக இருந்தால் இந்த இடத்தில் சொல்லவேண்டியது எனக்குத் தெரியும். "அப்படியில்லீங்க மேடம், என் மேலதான் தப்பு, மன்னிச்சுக்குங்க" என்று குழைந்து, ஒரு வாரம் கழித்து வேறு யார் மூலமாகவோ உண்மையைச் சொல்லியனுப்ப வேண்டும். பிரெஞ்சில் அப்படிக் குழைய எனக்குப் பள்ளியில் சொல்லித்தரவில்லை.

"ஆமாம்," என்றேன்.

ஜெரார் தன் பேனாவை உற்றுப் பார்த்தார்.

மறுநாள் பணியாளர் பிரிவில் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். என் சோதனைக் காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கிறார்களாம். "சம்பிரதாயம்தான், இங்கே ஒரு கையெழுத்து," என்று அங்கிருந்த அம்மாள் விரலால் இடத்தைக் காட்டினார். வாங்கிப் படித்தேன். மறுபடி படித்தேன். நான் சம்மதித்தால்தான் நீட்டிப்பு செல்லும் என்று அதிலேயே இருந்தது. கையெழுத்துப் போட்டால் இன்னும் மூன்று மாதம் தும்முவதற்கு அனுமதி கேட்கவேண்டும். போடாவிட்டால், அவர்கள் என்னை ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது அனுப்பவேண்டும்.

"போடமாட்டேன்," என்றேன். "என் வேலையை ஆகஸ்டில் பார்த்துவிட்டீர்கள். வேண்டுமா வேண்டாமா என்று சொல்லுங்கள்."

அன்று வீட்டில் ஜோசப்பின் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கார்த்துல இருக்குறவளுக்கு இவ்ளோ திமிரா? நாஷனாலிதே இருக்குற நாங்களே நீட்டின எடத்துல போட்டுட்டு வாய மூடிகிட்டு இருக்கோம்."

"அதான் அக்கா, நீங்க போட்டுகிட்டே இருக்கீங்க."

"பெட்டி கட்டி வச்சுக்க. அவ்வளவுதான் சொல்லுவேன்."

கெவின் மட்டும் தன் அறையிலிருந்து எட்டிப்பார்த்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான். அவன் தமிழ் பேசாதது பற்றி எனக்கிருந்த வருத்தம் அன்றைக்குக் கொஞ்சம் குறைந்தது. புரிந்துகொள்கிறான்.

இரண்டு நாள் ஒருவரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஜெரார் என்னைப் பார்த்தால் காபி மெஷினுக்குப் பின்னால் ஒதுங்கினார். நான் நிஜமாகவே பெட்டியைக் கீழே இறக்கி வைத்தேன். மூன்றாம் நாள் அவரே கீழ்த்தளத்துக்கு வந்து, துடைப்ப அறை வாசலில் நின்று சொன்னார். "நிரந்தரம் செய்துவிட்டார்கள். வாழ்த்துகள்."

என் திறமையைப் புரிந்துகொண்டுவிட்டார்கள் என்று நெஞ்சு நிமிர்ந்தது. அவர் தொடர்ந்தார். அக்டோபர் கடைசியில் பள்ளி விடுமுறை. மூன்று தலைவர்களும் ஏற்கெனவே விடுப்புக் கேட்டுவிட்டார்கள். ஒருவரை ஒருவர் பதிலாளாகப் போடக்கூடாது என்று இப்போது புது விதி. மீதி இருப்பது நான்தான். ஆனால் சோதனைக் காலத்தில் இருப்பவரைப் பதிலாளாகப் போட முடியாது என்று ஒரு பழைய விதி. என்னை நிரந்தரம் செய்யாவிட்டால் யாரும் கடற்கரைக்குப் போக முடியாது.

"சிஸ்டம் அப்படி," என்றார் ஜெரார்.

தேன்மொழி, குறித்துக்கொள்.

அன்று நள்ளிரவு தாண்டி அம்மாவுக்குப் போன் செய்தேன். ஊரில் விடிவதற்கு நேரம் இருந்தாலும் அம்மா கரைக்கு வந்திருந்தாள். முழுக்கதையும் சொன்னேன். சுற்றியதும் நிரம்பியதும் அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"கையெழுத்து போட மாட்டேன்னா சொன்ன?"

"ஆமாம்மா."

"பேப்பர நீட்டினவங்க மூஞ்சிக்கு நேராவா?"

"நேராத்தான்."

அந்தப் பக்கம் படகு இழுக்கிற சத்தமும் ஆட்களின் கூச்சலும் கேட்டுக்கொண்டிருந்தன. திட்டு வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"நீட்டின பேப்பர்ல எல்லாம் உங்கப்பா கட்ட வெரல வச்சு அமுக்கிட்டு வந்தாரு," என்றாள் அம்மா. "எதுல என்னா எழுதியிருந்துச்சுன்னு இன்னி வரைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. நீ படிச்சுப் பாத்துட்டுத்தானடி வேணான்ன?"

"ரெண்டு தடவ படிச்சேன்."

"அது போதும். வை, ஏலம் கூற ஆரம்பிச்சிட்டாங்க."